பீட்டா வந்தாச்சு... உடனே மாறலாமா, காத்திருக்கலாமா?

ஆண்டுதோறும் இது ஒரு சீசன். மே மாதம் பைத்தான் மொழியின் அடுத்த பதிப்புக்கு பீட்டா வரும். ஜூன் மாதம் ஆப்பிள் மாநாடு தொடங்கும் நாளிலேயே எக்ஸ்கோட் பீட்டா வரும். மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் நவம்பரில் முழுமையாக வருவதற்கு முன் பல மாதங்கள் முன்னோட்டப் பதிப்புகள் வந்துகொண்டே இருக்கும். அன்று சாயங்காலமே டீம் குரூப்பில் கேள்வி கிளம்பிவிடும்: "போட்டாச்சா?"

போட்டவர்களில் ஒருவருக்கு புது வசதிகள் ரொம்பப் பிடித்துப்போகும். இன்னொருவருக்கு நேற்று வரை ஓடிய புராஜெக்ட் இன்று பில்டு ஆகாது. வெள்ளிக்கிழமை ரிலீஸ் வைத்திருப்பவருக்கு இது விளையாட்டு இல்லை. அப்படியென்றால் எப்போது மாறலாம், எப்போது கூடாது?

பீட்டா என்றால் எல்லா இடத்திலும் ஒரே அர்த்தமா?

இல்லை. குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ரஸ்ட் மொழியில் ஆறு வாரத்துக்கு ஒரு முறை புது பதிப்பு வருகிறது. இன்றைய பீட்டாதான் ஆறு வாரம் கழித்து நிலையான பதிப்பு. இடைவெளி குறைவு, மாற்றமும் குறைவு.

பைத்தானில் கதை வேறு. ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு, பெரும்பாலும் அக்டோபரில். முதல் பீட்டா வந்ததும் புது வசதிகள் சேர்ப்பதை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு பிழை திருத்தம் மட்டும். ஆனாலும் வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வரில் இதைப் போட வேண்டாம் என்று பைத்தான் குழுவே ஒவ்வொரு பீட்டா அறிவிப்பிலும் சொல்கிறது.

டாட்நெட்டில், நவம்பருக்கு முன் வரும் ரிலீஸ் கேண்டிடேட் பதிப்புகளை நேரடிப் பயன்பாட்டுக்கே கொண்டுபோகலாம். அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு தருகிறது. ஆக, 'பீட்டா' என்ற பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், தயாரித்தவர்கள் என்ன உறுதி தருகிறார்கள் என்று பாருங்கள்.

கடைசி நேரத்தில் என்ன மாறிவிடப் போகிறது?

2024இல் நடந்ததைப் பாருங்கள். பைத்தான் 3.13 அக்டோபர் 1 அன்று வர வேண்டியது. பயன்படாத நினைவகத்தைச் சுத்தம் செய்யும் கார்பேஜ் கலெக்டரில் ஒரு புது முறையைச் சேர்த்திருந்தார்கள். சில வகை வேலைகளில் அது வேகத்தைக் குறைப்பது கடைசிக் கட்டத்தில் தெரியவந்தது. அந்த மாற்றத்தையே திரும்ப எடுத்துவிட்டு, திட்டத்தில் இல்லாத மூன்றாவது ரிலீஸ் கேண்டிடேட்டை வெளியிட்டார்கள். முழுப் பதிப்பு அக்டோபர் 7 அன்றுதான் வந்தது.

பீட்டாவில் இருக்கிற வசதி கடைசி வரை இருக்கும் என்று எண்ணி அதன்மேல் கட்டினால், அடியிலிருந்தே உருவிவிடலாம் என்பதுதான் இதில் பாடம்.

என் கோடு சரியாத்தானே ஓடுது?

உங்கள் கோடு ஓடலாம். அது நம்பியிருக்கும் லைப்ரரிகள் ஓடுமா? பைத்தானில் நிறைய லைப்ரரிகளுக்குள் சி மொழியில் எழுதிய பகுதிகள் உண்டு. ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் அவற்றைத் தனியாகத் தயாரித்துத் தர வேண்டும். உள்கட்டமைப்பு இனி மாறாது என்ற உறுதி முதல் ரிலீஸ் கேண்டிடேட்டில்தான் கிடைக்கிறது. அதனால் பல லைப்ரரிக்காரர்கள் அதுவரை காத்திருப்பார்கள். பீட்டாவில் பிப் இன்ஸ்டால் கொடுத்தால், தயார் நிலைக் கோப்பு கிடைக்காமல் உங்கள் மெஷினிலேயே கம்பைல் செய்யப் போய், பக்கம் பக்கமாக எரர் வருவது இதனால்தான்.

ஆப் தயாரிப்பவர்களுக்கு என்ன சிக்கல்?

பீட்டா எக்ஸ்கோடில் செய்த ஆப்பை டெஸ்ட்ஃபிளைட் மூலம் சோதனைக்கு அனுப்பலாம். ஆப் ஸ்டோரில் வெளியிட முடியாது. அதற்கு ரிலீஸ் கேண்டிடேட்டாவது வர வேண்டும். 2025இல் எக்ஸ்கோட் 26 பீட்டா ஜூன் 9 அன்று வந்தது, முழுப் பதிப்பு செப்டம்பர் 15 அன்று. இடைப்பட்ட மூன்று மாதத்தில் ஒரு அவசரத் திருத்தம் வெளியிட வேண்டுமென்றால் பழைய எக்ஸ்கோட் கையில் இருந்தே ஆக வேண்டும்.

அதே சமயம் ரொம்ப நாள் தள்ளிப்போடவும் முடியாது. 2025 ஏப்ரல் 24 முதல் ஆப் ஸ்டோருக்கு ஏற்றும் ஆப்கள் எக்ஸ்கோட் 16 அல்லது அதற்குப் பிந்தையதில் தயாரானதாக இருக்க வேண்டும் என்று ஆப்பிள் விதி வைத்தது. இப்படிப் பார்த்தால் இன்றைய பீட்டா, நாளைய கட்டாயம்.

பிடிக்கலைன்னா திரும்பி வரலாமா?

முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி இதுதான். எக்ஸ்கோட் பீட்டா தனி ஆப்பாக, பழையதுக்குப் பக்கத்திலேயே உட்காரும். பைத்தானிலும் பதிப்புகளைத் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். ரஸ்ட்டில் ஒரே கட்டளையில் மாறி மாறிப் போகலாம். இங்கெல்லாம் ஆபத்து குறைவு. ஆனால் மேக் ஓஎஸ்ஸையே பீட்டாவுக்கு மாற்றினால், திரும்புவதற்கு மெஷினை அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும். ஆபீஸ் லேப்டாப்பில் அதைச் செய்யாதீர்கள்.

புராஜெக்ட் கோப்புகளிலும் கவனம் தேவை. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் முன்னோட்டப் பதிப்பு, கிரேடில் பிளகினை மேம்படுத்தவா என்று கேட்கும். 'சரி' கொடுத்து அந்த மாற்றத்தைப் பொது ரெப்போவில் போட்டுவிட்டால், பழைய ஸ்டூடியோ வைத்திருக்கும் சக ஊழியர்களுக்கு புராஜெக்ட் ஒழுங்காகத் திறக்காது. ஒருத்தர் ஆசைப்பட்டார், மொத்த டீமும் அரை நாள் உட்கார்ந்தது என்றாகிவிடும்.

அப்போ யாருமே போடக்கூடாதா?

போட வேண்டும். பைத்தான் 3.10இல் டைப் குறிப்புகளை வெறும் உரையாக வைத்துக்கொள்ளும் முறையை இயல்பாக்க முடிவு செய்திருந்தார்கள். பைடான்டிக், ஃபாஸ்ட்ஏபிஐ போன்றவை அந்தக் குறிப்புகளை நிரல் ஓடும்போதே படிப்பவை. அவற்றை உருவாக்கியவர்கள் 2021 ஏப்ரலில், பீட்டா வருவதற்கு முன்பே பிரச்சினையைச் சொன்னார்கள். வழிநடத்தும் குழு அந்த மாற்றத்தை நிறுத்தியது. பிறகு 3.14இல் வேறு ஒரு வழி வந்தது. அன்று யாரும் வாய் திறக்காமல் இருந்திருந்தால், அக்டோபரில் அது எல்லோர் தலையிலும் விழுந்திருக்கும்.

எப்படி முடிவெடுப்பது?

லைப்ரரி எழுதுபவரா? பீட்டாவில் சோதித்தே ஆக வேண்டும். வேலையில் ஓடும் புராஜெக்ட்டா? தானியங்கி சோதனையில் பீட்டாவுக்கு ஒரு தனி வரிசை சேருங்கள். அது தோற்றாலும் மெர்ஜ் நிற்காதபடி அமையுங்கள். என்ன உடையப் போகிறது என்று மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். வெறும் ஆர்வமா? சொந்த மெஷினில், தனியாக, தாராளமாகப் போட்டுப் பாருங்கள். பிழை கண்டால் எழுதி அனுப்புங்கள்.

இரண்டு வாரத்துக்குள் டெட்லைன் இருக்கிறதா? இப்போதைக்குத் தொடவே தொடாதீர்கள். ரிலீஸ் முடிந்த மறுநாளும் அந்தப் பீட்டா அங்கேயேதான் இருக்கும். அதற்குள் சில பிழைகளும் குறைந்திருக்கும்.