பெரிய டீச்சர் சேத்துல இறங்கணும்

அரசுத் தொடக்கப் பள்ளின்னு பேச்சு வந்தா, பட்டணத்துல இருக்கிறவங்க பொதுவா ரெண்டு விஷயம் கேட்பாங்க. கட்டடம் நல்லா இருக்கா, ஸ்மார்ட் போர்டு வந்துடுச்சா. ஊர்ல இருந்து தினமும் பார்க்கிற எனக்கு இந்த ரெண்டையும் விடப் பெருசா ஒண்ணு தெரியுது. தலைமை ஆசிரியர் தன்கூட வேலை பார்க்கிறவங்களை எப்படி வச்சுக்கிறாருங்கிறதுதான் அது.

எங்க ஊர்ப் பள்ளியில 38 பிள்ளைங்க, அஞ்சு வகுப்பு, ஆசிரியர் ரெண்டே பேர். கல்வி உரிமைச் சட்டத்துக் கணக்குப்படி 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு ஆசிரியர், அதுக்கு மேல போனாத்தான் மூணாவது ஆள். ரெண்டு பேர்ல ஒருத்தர் தலைமை ஆசிரியர், ஊர்ல பெரிய டீச்சர்னு சொல்லுவோம். இன்னொருத்தர் சின்ன டீச்சர். இவங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலைன்னா முதல்ல பிள்ளைங்களுக்குத் தெரியும், அப்புறம் தாய்மாருக்குத் தெரியும். அடுத்த ஜூன்ல மஞ்சள் வேன்ல இன்னும் ரெண்டு பிள்ளை ஏறிடும். இப்படியே குறைஞ்சுட்டு வந்தா, ஒருநாள் பூட்டிக் கிடக்கிற கட்டடம்தான் மிச்சம்.

தொடக்கப் பள்ளியில தலைமை ஆசிரியர் ஆகிறது பெரும்பாலும் பணி மூப்பு வரிசையில வர்ற பதவி உயர்வு. இருபது வருஷம் பிள்ளைங்களை நடத்தினவங்களுக்கு, ஒருநாள் பெரியவங்களை நடத்துற வேலை வந்துடுது. அது வேற வேலை. எங்க ஊருக்கு முன்னாடி வந்திருந்தவர் நல்ல மனுஷன்தான். ஆனா எதையும் சுற்றறிக்கை நோட்டுலதான் எழுதுவார். எதிர் நாற்காலியில உட்கார்ந்திருக்கிற டீச்சர் அதைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும்! அவர் காலத்துல வந்த சின்ன டீச்சருங்க எல்லாரும் கலந்தாய்வு எப்போ வரும்னு காலண்டரைப் பார்த்துட்டுத்தான் இருந்தாங்க.

எங்க பக்கம் நடவுக்கு ஆள் சேர்த்து வர்ற அம்மாவைப் பார்த்திருக்கீங்களா? வரப்புல நின்னு கை நீட்டி வேலை வாங்க மாட்டாங்க. முந்தானையைச் சொருகிட்டு அவங்களும் வரிசையில நிப்பாங்க, அதுவும் புதுசா வந்த பொண்ணுக்குப் பக்கத்துல. அந்தப் பொண்ணு பின்தங்கினா, அவ பங்குலயும் ரெண்டு முடி நாத்தை நட்டுக் குடுத்துட்டுப் போவாங்க. அப்படிப்பட்டவங்க பின்னாடிதான் வருஷா வருஷம் ஆள் வருது. இப்போ இருக்கிற பெரிய டீச்சர் இந்த மாதிரிதான். பள்ளி மேலாண்மைக் குழுவுல நான் முன்னாள் மாணவன்ங்கிற கணக்குல இருக்கேன். அங்க பார்த்ததை வச்சுச் சொல்றேன், எல்லாம் காசில்லாம செய்யக்கூடியது.

ஒண்ணு, கஷ்டமான வேலையைத் தலைமை ஆசிரியர் எடுத்துக்கணும். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துல பிள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சுச் சொல்லித் தர்றாங்க. எழுத்தே இன்னும் பிடிபடாத அரும்புப் பிள்ளைங்கதான் பொறுமையைச் சோதிப்பாங்க. அவங்களைத் தினமும் ஒரு மணி நேரம் பெரிய டீச்சர் தன் பக்கம் உட்கார வச்சுக்கிறாங்க. சின்ன டீச்சருக்கு அந்த ஒரு மணி நேரம் மூச்சு விடுற நேரம்.

ரெண்டு, எழுத்து வேலை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல், இந்த மூணு வேலையைத் தவிர கல்விக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாதுன்னு 2009 சட்டம் சொல்லுது. ஆனா பள்ளிக்குள்ளேயே வந்து விழுற பதிவேடும் செயலியில ஏத்துற விவரமும் கொஞ்சமில்லை. எது இன்னைக்கே போகணும், எது நாளைக்குப் போனாலும் சரின்னு பிரிச்சுப் பார்க்கிற பொறுப்பு தலைமை ஆசிரியருக்கு. மேல இருந்து வர்ற எல்லாத்தையும் ‘அவசரம்’னு கீழ தள்ளுறவர் தபால்காரர் வேலைதான் பார்க்கிறார்.

மூணு, சாயங்காலம் பத்து நிமிஷம் பேச்சு. நோட்டு வேண்டாம், கையெழுத்து வேண்டாம். பிள்ளைங்க போனதும் வேப்பமரத்தடியில ரெண்டு பேரும் நிக்கிறாங்க. ‘பாடம் முடிச்சாச்சா’ன்னு கேட்கிறதில்லை. ‘இன்னைக்கு யாருக்கு எது வரலை’ன்னுதான் கேட்கிறாங்க. முதல் கேள்விக்கு ‘ஆச்சு’ன்னு ஒரு சொல்லுல தப்பிச்சுடலாம். ரெண்டாவது கேள்விக்குப் பிள்ளை பேரைச் சொல்லித்தான் ஆகணும்.

நாலு, பணியாளர்னா ஆசிரியர் மட்டும் இல்லை. காலை உணவு சமைக்கிற மகளிர் குழுப் பொண்ணு, சத்துணவு அமைப்பாளர், பெருக்கித் துடைக்கிற அக்கா, இவங்களும் பள்ளிக்கூடத்து ஆளுங்கதான். எந்தப் பிள்ளை ரெண்டு தடவை உப்புமா வாங்குதுன்னு சமையல்காரப் பொண்ணுக்குத்தான் தெரியும். ராத்திரி வீட்டுல சாப்பிடாத பிள்ளைக்கு முதல் மணியில கணக்கு ஏறுமா? வாரம் ஒருநாள் அவங்களையும் கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசினா, பாதி பிரச்சினைக்குக் காரணம் அங்கேயே கிடைச்சுடும்.

அஞ்சு, குறையைத் தனியாச் சொல்லணும், நிறையை ஊர் முன்னாடி சொல்லணும். போன கூட்டத்துல ஒருத்தர் எழுந்து, ‘என் பையன் நோட்டுல திருத்தமே இல்லை’ன்னு சின்ன டீச்சர் மேல பாய்ஞ்சார். பெரிய டீச்சர், ‘இது என் பள்ளிக்கூடம், என்னைக் கேளுங்க’ன்னு முன்னாடி வந்து நின்னாங்க. அப்புறம் தனியா அந்த நோட்டை வச்சுப் பேசியிருக்காங்க. ரெண்டு நாள்ல நோட்டு திருத்தி வந்துடுச்சு.

‘தலைமை ஆசிரியருக்கு என்ன அதிகாரம் இருக்கு? ஆளை வைக்கவும் முடியாது, மாத்தவும் முடியாது, சம்பளம் கூட்டவும் முடியாது’ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதிகாரம் இல்லாத இடத்துல வேலை நடக்கிறது முகத்துக்காகத்தான். தற்செயல் விடுப்புக் கேட்டு வர்றவங்ககிட்ட ‘ஏன்’னு கேட்கிறதுக்கு முன்னாடி ‘குழந்தைக்கு இப்போ எப்படி இருக்கு’ன்னு கேட்கிறதுக்கு அரசாணை தேவையில்லை.

ஊருக்கும் ஒரு பங்கு இருக்கு. சின்ன டீச்சர் ரெண்டு பஸ் மாறி வர்றவங்க. சாயங்கால பஸ்ஸை விட்டா அடுத்தது இருட்டினப்புறம்தான். அதனால குழுக் கூட்டம் மூணு மணிக்கே ஆரம்பிக்கணும்னு முடிவு பண்ணினோம். குறை இருந்தா முதல்ல பள்ளிக்கு வர்றது, மேலதிகாரிக்குப் போன் போடுறது கடைசியிலன்னும் பேசி வச்சிருக்கோம். இந்த வருஷக் கலந்தாய்வுல சின்ன டீச்சர் மாறுதல் கேட்கலை. எங்களுக்கு அது ஸ்மார்ட் போர்டை விடப் பெருசு.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நீங்க படிச்ச பள்ளிக்கு ஏதாவது செய்யணும்னு தோணும். மின்விசிறி வாங்கித் தர்றது நல்லதுதான். அதுக்கு முன்னாடி பெரிய டீச்சர்கிட்ட ஒண்ணு கேளுங்க: ‘உங்ககூட இருக்கிறவங்களுக்கு எந்தச் சுமை குறைஞ்சா நல்லா இருக்கும்?’ உங்கள்ல கணினி தெரிஞ்சவங்க எத்தனையோ பேர். ரெண்டு நாள் உட்கார்ந்து பழைய பதிவேடுகளை ஒழுங்குபடுத்திக் குடுத்தாக்கூட, அந்த நேரம் பிள்ளைங்களுக்குப் போய்ச் சேரும். அப்படியே சமையல்கூடத்துப் பக்கமும் போய் ஒரு வணக்கம் சொல்லிட்டு வாங்க.