கெந்திங் ஏற்றம் பார்க்கப் போறவங்களுக்கு

லங்காவி சைக்கிளோட்டத்துல கெந்திங் ஏற்றம் இருக்குன்னா, நம்ம தொண்டர் குழுவுல பாதிப் பேருக்கு அந்த வாரம் வேற பேச்சே கிடையாது. 1996-ல தொடங்கின போட்டி. பேருதான் லங்காவி, பல வருஷம் தலையெழுத்தை எழுதினது கெந்திங். 2023-ல அந்த மலையில ஜெயிச்ச சைமன் கார்தான் மொத்தப் போட்டியையும் ஜெயிச்சார்.

கீழே புழுக்கம், 1,600 மீட்டருக்கு மேல பனிமூட்டம். அந்த ரோட்டுல கார் ஏறவே திணறும்.

நாங்க சொல்றது இதுதான்: முதல் ஆள் போனதும் கிளம்பிடாதீங்க. சமதளத்துல பறக்கிற ஸ்பிரிண்டர்களுக்கு உடம்பு கனம், மலை ஒத்துவராது. அவங்க பின்னாடி கூட்டமா சேர்ந்து ஏறுவாங்க. ஜெயிக்க இல்ல, நேர வரம்புக்குள்ள முடிக்க. தவறினா மறுநாள் ஓட முடியாது. முன்னால போறவருக்கு கேமரா இருக்கு. இவங்களுக்கு நம்ம கைத்தட்டல்தான்.

பத்துமலை 272 படியில காவடிக்கு வழிவிட்டுப் பழகினவங்க நாம். இங்கேயும் ஓரமா நில்லுங்க. கூடவே ஓடுறது, முதுகைத் தள்ளுறது, செல்ஃபிக்குக் கை நீட்டுறது வேணாம். தண்ணி போத்தலும் நீட்டாதீங்க (தண்ணீர்ப் பந்தல் போடுற நாங்களே இதைச் சொல்றோம்!). அதை அவங்க குழு பார்த்துக்கும்.

கடைசி ஆளுக்குப் பின்னாடி வர்ற வண்டி தாண்டினதும், கிடக்கிற குப்பையைப் பொறுக்கிட்டு ஒன்னா இறங்குவோம்.