மூடிப்போன கம்பனியின் பைபர் படகு விலைபோகாத சரக்கா?

கரையோரத்தில் தொழில் செய்யும் நமது வியாபாரிகளிடையே ஒரு வழக்கம் இருக்கின்றது. பழைய பைபர் படகு ஒன்று விலைக்கு வந்தால் முதலில் கேட்கும் கேள்வி, "எந்தக் கம்பனி?" என்பதுதான். அந்தக் கம்பனி மூடப்பட்டுவிட்டது என்று தெரிந்தால் அடுத்த வார்த்தை, "அப்ப வேணாம்" என்பதாக இருக்கும். வாங்கினாலும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். கற்பிட்டியிலும் இதே கதை, கிண்ணியாவிலும் இதே கதை, ஒலுவிலிலும் இதே கதை.

இந்த வழக்கம் பிழையானது என்பதே எனது கருத்து. படகு வாங்குபவர் கம்பனியின் பெயர்ப்பலகையை வாங்குவதில்லை, தண்ணீரில் மிதக்கும் ஒரு பொருளை வாங்குகின்றார். அந்தப் பொருளைத் தட்டிப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்து விலை பேசுவது, மூட்டையைப் பிரிக்காமல் அரிசிக்கு விலை சொல்வது போன்றது. நல்ல சரக்கைக் கைவிடுவதும் அதனால்தான் நடக்கின்றது, கெட்ட சரக்கில் மாட்டிக்கொள்வதும் அதனால்தான் நடக்கின்றது.

கம்பனிகள் வந்த கதை

நமது நாட்டுக்குப் பைபர் படகு புதியதல்ல. 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியுடன் காரைநகரில் ஆரம்பிக்கப்பட்ட சீநோர் நிறுவனத்தை மூத்தவர்கள் அறிவார்கள். மரவள்ளத்தைத் துளைக்கும் கடற்புழுவுக்குப் பைபரில் வேலையில்லை, உக்கலும் இல்லை என்பதைக் கண்ட பின்னர் பதினெட்டு அடிப் படகுகள் கரையெங்கும் பரவின.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த சுனாமி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. நாட்டின் மீன்பிடிப் படகுகளில் ஏறக்குறைய முக்கால்வாசி அழிந்தன அல்லது சேதமடைந்தன. உதவிப் பணம் வந்ததும் கரையோரமெங்கும் படகுப் பட்டறைகள் முளைத்தன. நேற்றுவரை தண்ணீர்த் தாங்கி செய்தவரும் அச்சு ஒன்றைத் தேடிக்கொண்டு படகு செய்யத் தொடங்கினார். தரக்குறைவான படகுகள் விநியோகிக்கப்படுவதாக உலக உணவு விவசாய ஸ்தாபனமே அந்நாட்களில் எச்சரித்தது. உதவிப் பணம் வற்றியதும் வந்த வேகத்திலேயே பல பட்டறைகள் மூடப்பட்டன. இன்று நமது கரைகளில் தாயில்லாப் பிள்ளைகளாகக் கிடக்கும் படகுகளில் கணிசமானவை அந்தக் காலத்தவைதான்.

அவற்றுள் மோசமானவை இருந்தன என்பதில் சந்தேகமில்லை. மெட்டைக் குறைத்து, றிசினில் பவுடரைக் கலந்து, ஒரு கிழமையில் அச்சிலிருந்து இறக்கிய படகுகள் சில வருடங்களிலேயே பிளந்து போயின. ஆனால் இருபது வருடம் கடந்தும் அலையில் இறங்கி ஏறிக்கொண்டிருக்கும் படகு எது? அதற்குத் தரச்சான்றிதழைக் கம்பனி கொடுக்கவில்லை, கடல் கொடுத்திருக்கின்றது. அதைச் செய்த மனிதர் மெட்டைக் களவெடுக்கவில்லை என்பதற்கு அந்தப் படகே சாட்சி.

உடல் வேறு, எஞ்சின் வேறு

கம்பனி மூடினால் கஷ்டம் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? இயந்திரங்களிலிருந்து வந்தது. அங்கே அது நியாயமானதே. ஜோன்சன், எவின்ருட் அவுட்போட் எஞ்சின்களைத் தயாரித்த அமெரிக்கக் கம்பனி 2000 டிசம்பரில் வங்குரோத்தானது. அந்தப் பெயர்களை வாங்கிய கனேடியக் கம்பனி 2020 மே மாதத்தில் எவின்ருட் தயாரிப்பையும் நிறுத்தியது. பாகங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்று அறிவித்தார்கள்தான். ஆனால் நமது நாட்டுக் கரையில் பிஸ்டனுக்கும் கியருக்கும் காத்திருப்பவருக்கு ஒவ்வொரு நாளும் நட்டம். எனவே எஞ்சின் வாங்கும்போது கம்பனி இருக்கின்றதா, பாகம் கிடைக்குமா என்று நூறு தடவை கேளுங்கள்.

படகின் உடல் அப்படியல்ல. அதற்குப் பாகம் என்று ஒன்றில்லை. கண்ணாடி நார் மெட், றிசின், ஹாட்னர், மேலே ஜெல்கோட், பின்பலகைக்குள் பிளைவுட், இவ்வளவுதான். இவை எந்தக் கம்பனிக்கும் சொந்தமானவையல்ல. இந்தச் சாமான்களை நானும் கடையில் விற்றிருக்கின்றேன். இருக்கும் கம்பனியின் படகுக்கு ஒரு மெட், மூடிய கம்பனியின் படகுக்கு வேறொரு மெட் என்று யாரும் வந்து கேட்டதில்லை.

அமெரிக்காவில் 1950களில் பைபர் படகுத் தயாரிப்பில் முன்னணியில் நின்ற கிளாஸ்பார் என்ற கம்பனியும் எப்போதோ மறைந்துவிட்டது. ஆயினும் அதன் படகுகளைத் தேடி வாங்கி, பின்பலகையை மாற்றி, இன்றும் தண்ணீரில் இறக்குபவர்கள் அங்கே இருக்கின்றார்கள்.

தட்டிப் பார்க்கும் முறை

சென்ற வருடம் அறிமுகமான சம்மாட்டி ஒருவர் என்னிடம் வந்தார். "நானா, படகு நல்லாத்தான் இருக்கு, ஆனா செஞ்ச பட்டறைய மூடிட்டாங்களாம். எடுக்கவா, விடவா?" என்று கேட்டார். "பட்டறைய விடுங்க தம்பி, படகைக் காட்டுங்க" என்றேன். போய்ப் பார்த்தோம். உடல் உறுதி, பின்பலகை மட்டும் உக்கியிருந்தது. அதைச் சொல்லியே விலை பேசி எடுத்தார், பலகையை மாற்றினார், இன்றும் தொழிலுக்குப் போகின்றார். நாங்கள் பார்த்த முறை பெரிய வித்தையல்ல. வாசகர்களும் செய்யலாம்.

முதலாவது, சிறிய சுத்தியலின் கைப்பிடியால் உடலை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே செல்லுங்கள். நல்ல இடம் 'டக்' என்று கூர்மையாகக் கேட்கும். உள்ளே பிரிந்த அல்லது ஊறிய இடம் மந்தமாக ஒலிக்கும்.

இரண்டாவது, பின்பலகை. பைபர் படகின் உயிர்நிலை அங்கேதான் இருக்கின்றது. எஞ்சினின் கால் பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். எஞ்சினோடு சேர்ந்து பலகையும் அசைந்தால் உள்ளே பிளைவுட் உக்கிவிட்டது. ஆணித் துளையிலிருந்து கபில நிறத் தண்ணீர் கசிந்தாலும் அதே அர்த்தம்தான்.

மூன்றாவது, வெடிப்புகள். தலைமுடி போன்ற மெல்லிய கீறல் பெரும்பாலும் ஜெல்கோட்டோடு நின்றுவிடும். ஒரே புள்ளியிலிருந்து நட்சத்திரம் போல விரியும் வெடிப்பு, அந்த இடத்தில் அடிபட்டதையோ உடல் வளைவதையோ காட்டும். அதன் உட்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

நான்காவது, பாரம். இருவர் தூக்கும் முனையை நான்கு பேர் தூக்க வேண்டியிருந்தால், மிதப்புக்கு அடைத்த நுரை தண்ணீர் குடித்திருக்கின்றது என்று எண்ணுங்கள்.

திருத்தும்போதும் ஒரு விதியுண்டு. பழைய பைபரின் மேல் அப்படியே புதிய மெட்டை ஒட்டினால் அது பிடிக்காது. நன்றாக அரைத்து, தடிப்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாக்கி, பின்னர்தான் ஒட்ட வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஹாட்னரை அள்ளி ஊற்றுவது, மழை ஈரத்தில் வேலை செய்வது இரண்டும் காசைக் கடலில் போடும் வேலை.

பெயின்டுக்குள் மறையும் ஈரம்

இங்கேதான் நமது மார்க்கம் பேச வேண்டிய இடம் வருகின்றது. உக்கிய பின்பலகையின் மேல் ஒரு மெட்டை ஒட்டி, பளபளவென்று பெயின்ட் பூசி, "புதுசு மாதிரி" என்று விற்பவர்கள் இருக்கின்றார்கள். அப்படி விற்கப்பட்ட ஒரு படகின் பலகையைப் பிரித்தபோது உள்ளே பிளைவுட் ஊறிய பாண் போல விரலோடு வந்ததை நான் நேரில் கண்டேன்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்பதே அந்தப் போதனை. தானியத்தில் ஈரத்தை மறைத்தால் வாங்கியவருக்குக் காசு நட்டம். பின்பலகையில் ஈரத்தை மறைத்தால் நடுக்கடலில் எஞ்சின் கழன்று போகும். அந்தப் படகில் இருப்பவர் வாங்கிய முதலாளியாக இருக்கமாட்டார். கூலிக்குப் போன ஏழை வீட்டுப் பிள்ளையாக இருப்பான். குறையைச் சொல்லி விற்றால் விலை கொஞ்சம் குறையும், பரக்கத் குறையாது.

கடன் கொடுப்போருக்கும் ஒரு வார்த்தை

லீசிங் கம்பனிகள் படகின் வயதையும் தயாரிப்பாளரையும் பார்த்துப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. மோட்டார் சைக்கிளுக்கு அந்தக் கணக்குச் சரி, படகுக்குச் சரியல்ல. குறிப்பாக இஜாரா அடிப்படையில் கொடுக்கும் நமது நிறுவனங்கள் சிந்திக்க வேண்டும். இஜாராவில் பொருளின் உரிமை கொடுப்பவரிடமே இருக்கின்றது, உரிமையோடு வரும் பொறுப்பும் அவருடையதே. தன் சொத்தைத் தட்டிப் பார்க்கத் தெரியாதவர் அதற்கு எப்படி வாடகை வாங்குவது? அனுபவமுள்ள பைபர் பாஸ் ஒருவரை அனுப்பி, ஒரு பக்க அறிக்கை எழுதி வாங்கினால் போதும்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணமுண்டு. 2022 நெருக்கடியில் இருநூறு ரூபா அளவிலிருந்த டொலர் சில மாதங்களில் முந்நூற்று அறுபதைத் தொட்டது. அதே வருடம் ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. றிசினும் மெட்டும் டொலருக்கு வருபவை. புதிய படகு சிறிய தொழிலாளியின் கைக்கு எட்டாமல் போனதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. மறுபக்கம், கைவிடப்பட்ட பைபர் படகு மரம் போல உக்கி மண்ணாவதில்லை. எரித்தால் நச்சுப் புகை, புதைத்தால் அப்படியே கிடக்கும். உலக நாடுகளே இந்தப் படகுகளை என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறுகின்றன.

திருத்தினால் இன்னும் பல வருடம் உழைக்கக்கூடிய ஒன்றைக் கம்பனியின் பெயருக்காகக் கரையில் போட்டு வைப்பது வீண்விரயம். ஆகவே அடுத்த முறை பழைய படகு ஒன்று விலைக்கு வந்தால், எந்தக் கம்பனி என்று கேட்பதற்கு முன் சுத்தியலைக் கையில் எடுங்கள். விற்பவராக இருந்தால், வாங்குபவரின் கையில் அந்தச் சுத்தியலை நீங்களே கொடுங்கள்.