யன்னல் கொக்கிக்கு யார் பொறுப்பு?



சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் யன்னல் கொக்கியைப் பற்றி எழுதுவதா என்று சிலர் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். நம் லயன்களை ஒருமுறை சுற்றி வாருங்கள். எத்தனை யன்னல்களுக்குக் கொக்கி இருக்கிறது? எத்தனைக்குக் கைப்பிடி இருக்கிறது? கயிற்றால் கட்டியவை சில, பலகை வைத்து ஆணி அடித்தவை பல.

ஆணி அடித்த காம்பராவில் விறகுப் புகை வெளியேற வழியில்லை. அடுப்படியில் நிற்கும் பெண்களும் தொட்டில் பிள்ளையும் அதைத்தான் சுவாசிக்கிறார்கள். பட்டப்பகலிலும் விளக்குப் போடாமல் பாடசாலைப் பிள்ளை புத்தகம் வாசிக்க முடியாது. ஆணி அடிக்காமல் விட்டாலோ மழையும் பனிக்காற்றும் உள்ளே வரும். தாயும் தகப்பனும் மலைக்குப் போன பிறகு, தாழ்ப்பாள் இல்லாத யன்னலுக்குப் பின்னால் வயதுக்கு வந்த பிள்ளை தனியே இருக்கிறாள். இது சின்ன விஷயமா?

பழுதைச் சொன்னால், "குடியிருப்பது நீங்கள், நீங்களே செய்துகொள்ளுங்கள்" என்கிறது நிர்வாகம். அதே தொழிலாளி இஸ்தோப்பை அடைத்து ஓர் அறை எடுத்தால், "தோட்டத்துக் கட்டடத்தில் கைவைக்க யார் அனுமதி தந்தது?" என்று கடிதம் வருகிறது. கட்டும்போது தோட்டத்தின் சொத்து, உடையும்போது தொழிலாளியின் பாடு! நல்ல நியாயம்!

லயன்களைச் சுகாதாரமாக வைத்திருப்பது துரையின் கடமை என்று வெள்ளைக்காரர் காலத்திலேயே, 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் சொல்லிவிட்டது. 1992இல் கம்பனிகள் நிர்வாகத்தை ஏற்றபோது தேயிலையோடு லயன்களும் சேர்ந்தேதான் போயின. கொழுந்துக்கு உரிமை கொண்டாடுபவர்கள் கூரைக்கும் யன்னலுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

"காணியோடு தனி வீடு வரப்போகிறதே, பழைய லயனுக்கு ஏன் செலவு?" என்பது இன்னொரு சாக்கு. வீட்டுக்கும் காணி உறுதிக்கும் நாம் போராடுகிறோம், விடமாட்டோம். அதுவரை நம் பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பதா?

நம்மால் ஆனதை நாம் செய்வோம். துருப்பிடித்த பிணைச்சலுக்கு எண்ணெய் விடலாம். ஸ்குரூ ஆணி பிடிக்காத துளையில் மூங்கில் சீவலைத் திணித்து மறுபடி முறுக்கலாம். தனியே இருக்கும் பாட்டிமாருக்கும் அதைச் செய்துகொடுக்கலாம். ஆனால் உக்கிப்போன யன்னல் நிலையில் எந்த ஆணியும் நிற்காது. நிலையை மாற்றுவது தோட்டத்து ஆசாரியின் வேலை, அவரை அனுப்புவது நிர்வாகத்தின் கடமை.

ஆகவே ஒவ்வொரு லயனிலும் காம்பரா இலக்கத்தோடு பட்டியல் எடுங்கள். எது உடைந்தது, எப்போது சொன்னோம், என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் கையெழுத்திட்டுத் துரையிடம் கொடுக்கட்டும். ஒரு பிரதி நம் கையில் இருக்கட்டும். பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள். வாய்ப்பேச்சு பிரட்டுக்களத்தோடு கரைந்துவிடும். கடிதம் தொழில் திணைக்களம் வரை போகும்.

ஒரு கொக்கிக்காக எந்தத் தொழிலாளியும் துரை வாசலில் கெஞ்சி நிற்க வேண்டாம். சேர்ந்து கேட்போம், கேட்டு வாங்குவோம்!