கார்டுக்கு காசு, கேபிளுக்கு கஞ்சத்தனம்

"சிசிஎன்ஏ படிக்கப் போறீங்களா? அப்போ ரெண்டு ரவுட்டர், ரெண்டு சீரியல் கார்ட், நடுவுல மாட்ட ஒரு கேபிள். இது இல்லாம லேப் இல்ல."

ஏ.எல். முடித்துவிட்டு நெட்வேர்க்கிங் பக்கம் போக நினைக்கிற பலருக்கும் இந்த அறிவுரை ஒருதடவையாவது கிடைத்திருக்கும். கிளாஸில் சொல்வார்கள், கொழும்பில் வேலை செய்யும் அண்ணா சொல்வார், பாவித்த சாமான் விற்கிற விளம்பரமும் சொல்லும். நாங்கள் சொல்வது வேறு. அந்த கார்டை வாங்காதீங்க. அந்தக் காசில் கொஞ்சத்தைக் கேபிளுக்குப் போடுங்க, மிச்சத்தைப் பரீட்சைக்கு வைங்க.

முதலில், இந்த கார்ட் என்ன வேலை செய்கிறது? ரவுட்டரின் பின்பக்கம் சொருகுகிற சின்னப் பலகை அது, 'விக்' என்பார்கள். ஒருகாலத்தில் இரண்டு ஊர்களில் இருக்கும் அலுவலகங்களைத் தொலைபேசி நிறுவனத்தின் வாடகை லைனால் இணைக்க அது தேவைப்பட்டது. வீட்டு லேப்பில் அந்த லைன் கிடையாது. அதனால் இரண்டு கார்டையும் நேருக்கு நேர் ஒரு கேபிளால் கோர்த்து, டிசிஇ பக்கத்து ரவுட்டரில் 'கிளொக் ரேட்' கொடுத்து, தொலைபேசி நிறுவனம் மாதிரி நடிக்க வைப்போம். அவ்வளவுதான் விஷயம்.

அந்த நாடகத்துக்கு இப்போது மேடையே இல்லை. 2020 பெப்ரவரி 24ஆம் திகதி சிசிஎன்ஏ பரீட்சை 200-301 என்ற புதிய வடிவத்துக்கு மாறியது. ஃப்ரேம் ரிலே அதற்கு முன்பே பாடத்திட்டத்தை விட்டுப் போயிருந்தது. சீரியல் லைனில் ஓடுகிற பிபிபியும் இந்த மாற்றத்தோடு போனது. வெளியிலும் அதே நிலைதான். நிறுவனங்களுக்கு வரும் இணைப்பு பெரும்பாலும் ஃபைபரில் வந்து ஈதர்நெட் போர்ட்டில் முடிகிறது. ஆனால் பழைய பாடத்துக்கான சாமான் மட்டும் 'சிசிஎன்ஏ கிட்' என்ற பெயரில் இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

வாங்கினாலும் நிம்மதி இல்லை. விக்-1டி கார்டில் 60 பின் உள்ள பெரிய சொக்கெட். விக்-2டியில் 26 பின் உள்ள சின்ன 'ஸ்மார்ட் சீரியல்'. ஒன்றின் கேபிள் மற்றதில் ஏறாது. எச்விக் கார்ட் 1841, 2800 வகை ரவுட்டர்களுக்கு ஏறும், பழைய 2600க்கு ஏறாது. 2900க்குப் போனால் பழைய விக்-1டி வேலை செய்யாது. ரவுட்டர் ஒருவரிடம், கார்ட் இன்னொருவரிடம், கேபிள் மூன்றாமவரிடம் என்று வாங்கினால், கடைசியில் கையில் இருப்பது ஒன்றோடொன்று சேராத மூன்று இரும்புத் துண்டு. திருப்பிக் கொடுக்கக் கொடகவெலயிலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறவேண்டும்.

இனி காசுக் கணக்கைப் பார்ப்போம். பரீட்சைக் கட்டணம் மட்டும் 300 டொலர். ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே 90,000 ரூபாய். 2024இல் அறிவிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். அப்படியென்றால் அம்மா 67 நாள் கொழுந்து பறித்தாலோ, அப்பா 67 நாள் ரப்பர் பால் வெட்டினாலோ ஒரே ஒரு தடவை பரீட்சை எழுதலாம், அதுவும் வீட்டில் யாரும் சாப்பிடாமல் இருந்தால். தோட்டை அடகு வைத்து எடுத்த காசு கார்டில் போனால் பரீட்சைக்கு எதை அடகு வைப்பது?

"கையால தொட்டுப் பார்க்காம எப்படி அண்ணே படிக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாங்களும் கைவேலை தேவையில்லை என்று சொல்லவில்லை. ஆனால் எதைக் கையால் தொடவேண்டும்? ரவுட்டரின் கட்டளைகளைப் பழக சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் போதும். நெட்வேர்க்கிங் அகடமியில் கணக்குத் திறந்தால் இலவசம். சாதாரண லேப்டொப்பிலும் ஓடும். கார்ட் ஆசை கூட அதிலேயே தீரும். எச்விக்-2டியை இழுத்துச் சொருகலாம், ரவுட்டரின் கரண்டை நிறுத்தாமல் சொருக அது விடாது.

பாக்கெட் ட்ரேசர் சொல்லித்தராத ஒன்று கேபிள். அதைத்தான் கையால் செய்து பழகவேண்டும், அதில்தான் நாம் கஞ்சத்தனம் காட்டுகிறோம். மலிவாகக் கிடைக்கிற 'கேட் 5ஈ' சுருள்கள் எல்லாம் செப்பு இல்லை. உள்ளே அலுமினியம், மேலே செப்புப் பூச்சு. கத்தியால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளை தெரிந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாங்க. அலுமினியத்துக்குச் செப்பைவிட மின்தடை அதிகம், நாலு தரம் வளைத்தால் உடையும். கேட் 5ஈ தரமே செப்பைத்தான் கேட்கிறது.

அடுத்தது முனை அடிப்பது. எட்டு வயரையும் இரண்டு பக்கமும் ஒரே ஒழுங்கில் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. 3ஆம், 6ஆம் பின்கள் ஒரே முறுக்கு ஜோடியிலிருந்து வரவேண்டும். வராவிட்டாலும் மலிவு டெஸ்டரில் எட்டு லைட்டும் வரிசையாக எரியும். கேபிளை மாட்டினால் லைன் விட்டு விட்டு வரும். அது ஏன் என்று தெரிந்தவருக்குத்தான் வேலை. புதிய பரீட்சையின் பாடத்திட்டத்திலும் கேபிள் வகைகளும் கேபிள் கோளாறுகளும் பெயர் சொல்லியே இருக்கின்றன. சீரியல் கார்ட் இல்லை.

லயத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பக்கத்து லயத்து நண்பனோடு லேப்பை இணைக்கலாம் என்று வெளியால் செப்புக் கேபிள் இழுக்காதீங்க. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் சப்ரகமுவயில் பின்னேர இடி எப்படி விழும் என்று நமக்குத் தெரியும். பக்கத்தில் விழுகிற மின்னல் அந்த வயரில் ஏறினால் இரண்டு வீட்டுச் சாமானும் போகும், ஆளுக்கும் ஆபத்து.

அப்படியானால் என்ன வாங்கலாம்? நல்ல செப்புக் கேபிள் 20, 30 மீட்டர், ஒரு பை ஆர்ஜே-45 முனை, ஒரு கிரிம்பிங் டூல், ஒரு டெஸ்டர். இதை நாலு பேர் சேர்ந்து வாங்கலாம். பிறகு காசு மிஞ்சினால் பாவித்த 2960 சுவிட்ச் ஒன்று, ஒரு கொன்சோல் கேபிள். எட்டு போர்ட் உள்ள சின்ன 2960இல் விசிறி இல்லை. ஒரே அறையில் தங்கச்சி படிக்க, ஆச்சி தூங்க, நீங்கள் லேப் செய்ய இது பெரிய விஷயம். ரவுட்டர் வேண்டுமென்றே அடம்பிடித்தால் இரண்டு ஈதர்நெட் போர்ட் கூடவே வரும் 1841 ஒன்று போதும். விலானுக்கு இடையில் ரவுட்டிங் பழக கார்ட் எதுவும் தேவையில்லை.

பழைய சாமானை விற்பவரை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை. மேசையில் ரவுட்டர் அடுக்கி போட்டோ போட்டால்தான் இன்ஜினியர் என்று நினைக்கிற நம்ம ஆசையும் இதில் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை என்று யாரும் இளக்காரமாகப் பார்த்துவிடக்கூடாது என்ற பயத்திலிருந்து வருகிற ஆசை அது. அந்தப் பயத்தைத்தான் 'கிட்' என்று பெட்டி கட்டி நமக்கே விற்கிறார்கள்.

முதல் சம்பளம் வந்தபிறகு எத்தனை ரவுட்டர் வேண்டுமானாலும் வாங்குங்க. அதுவரைக்கும் அம்மாவின் தோடு காதிலேயே கிடக்கட்டும்.