காற்றைக் கூட்டினால் வேகம் கூடுமா?

பெரும்போக அறுவடை நடைபெறும் மாசி, பங்குனி மாதங்களிற் கண்டாவளைப் பகுதியின் கிரவல் பாதைகளிற் சென்று வந்தவர்கள், அங்கெழும் புழுதியை எளிதில் மறவார். முன்னே ஓர் உழவு இயந்திரம் போனால், பின்னே வருபவர் முகத்திற் கைக்குட்டையைக் கட்டிக்கொள்வார். அவர் ஏறியிருக்கும் மோட்டார் சைக்கிளும் அதே புழுதியையே சுவாசிக்கிறது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சென்ற பங்குனியில் அவ்வூரிலுள்ள பழைய மாணவர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் தமது 150 சி.சி. மோட்டார் சைக்கிளின் காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டு, அதனிடத்தில் கூம்பு வடிவான திறந்த வடிகட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார். உறுமல் பெரிதாயிருந்தது; ஓட்டமோ சிறிதாயிருந்தது. கைப்பிடியைத் திருகியதும் வண்டி ஒரு கணம் தயங்கிற்று. விட்டதும் சைலன்சரிற் படபடவென வெடித்தது.

"கூடக் காத்துப் போனால் கூட இழுக்கும் எண்டு சொன்னாங்கள், சேர்" என்றார் அவர்.

அந்த வண்டியிலேதான் அவர் நாள்தோறும் களப்பு மீனைப் பெட்டியில் இட்டுப் பரந்தனுக்குக் கொண்டு செல்கிறார். வண்டி நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும்.

திண்ணையிலிருந்த அவருடைய தந்தையார் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மாஸ்ரர், இவன் காத்தைக் கூட்டிப்போட்டு எண்ணெயைக் கூட்ட மறந்திட்டான்."

அம்முதியவரின் ஒரே வாக்கியத்தில் இவ்விடயத்தின் விஞ்ஞானம் முழுவதும் அடங்கிவிட்டது. பெற்றோல் மிச்சமின்றி எரிவதற்கு, நிறையளவில், அதன் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறக்குறைய 9,000 லீற்றர் காற்று எனக் கொள்ளலாம். முழு வலுவையும் வேண்டும்போது கலவை சற்றுக் கொழுத்து, ஒன்றுக்கு 13 என்ற அளவை அணுக வேண்டும். காபரேற்றரின் நுண்துளைகள் யாவும், தொழிற்சாலையிற் பொருத்திய காற்றுப் பெட்டிக்கு இணங்கவே அளக்கப்பட்டவை. பெட்டியை நீக்கினாற் காற்றுக் கூடும். துளையோ பழையதாகவே இருக்கும். கலவை மெலியும், எஞ்சின் மிகையாகச் சூடேறும், நாளடைவிற் பிஸ்டனுக்கே கேடு வரும். அன்றியும், திறந்த வடிகட்டி எஞ்சினின் வெப்பக் காற்றையும் உள்ளிழுக்கிறது. 30 பாகைக் காற்றிலும் 50 பாகைக் காற்று ஏறத்தாழ 6 வீதம் அடர்த்தி குறைந்தது. ஆகவே ஒரு கையாற் பெற்றதை மறு கையால் இழக்கிறோம்.

இந்த நுட்பத்தை முதியவர் எங்கே கற்றார்? 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர் வடக்கிற் பொருளாதாரத் தடை நிலவிய காலத்திற் பெற்றோல் கிட்டாப் பொருளாயிற்று. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே சிறு போத்தலிற் காத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குட் செலுத்தி எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயில் ஓட விடுவர். பிளக்கில் அடிக்கடி கரி படியும். அதைக் கழற்றித் துடைத்துத் துடைத்தே, அதன் நிறத்தைப் படிக்கவும் நம்மவர் பழகினர். நோயாளியின் நாக்கைப் பார்க்கும் வைத்தியர் போல அவர் மகனுடைய வண்டியின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். அது சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது. வெளுப்பு மெலிந்த கலவைக்கு அடையாளம். கரிய மாசு கொழுத்த கலவைக்கு அடையாளம். இளங்கபில நிறமே நலத்தின் அடையாளம்.

காற்று வழியை மாற்றியே தீருவேன் என்பவர், காபரேற்றரின் மூன்று உறுப்புகளை அறிந்திருத்தல் வேண்டும். கைப்பிடியைச் சிறிதளவு திருகும்வரை எரிபொருளை ஆள்வது சிறிய ஜெற்றும் அதன் திருகாணியும். நடுத்தர ஓட்டத்தை ஆள்வது ஊசி. முழுத் திருப்பத்தை ஆள்வது பிரதான ஜெற். தயக்கம் எந்த நிலையில் நேர்கிறதோ, அந்த உறுப்பையே திருத்த வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம், அதுவும் ஒரு படி மாத்திரம். பின்னர் ஓட்டிப் பார்த்துப் பிளக்கையும் பார்க்க வேண்டும். எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே திருகாணியைத் தொடலாம். அது வடிகட்டிப் பக்கத்தில் இருந்தாற் காற்றையும், எஞ்சின் பக்கத்தில் இருந்தால் எரிபொருளையும் அளப்பதாகும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்யும். கொழுத்த கலவையும் வீண் செலவே. 2022இல் வாரத்துக்கு 4 லீற்றர் என்ற பங்கீட்டுக்காக வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனிப் புழுதியைப் பற்றி ஒரு சொல். வடிகட்டியைத் தப்பிச் செல்லும் நுண்மணல், சிலிண்டரையும் வளையங்களையும் அரம்போல் அராவும். பின்னர் எண்ணெய் எரிந்து நீலப் புகை எழும். பஞ்சு வடிகட்டியாயின் சவர்க்கார நீரில் அலசி, முறுக்காமற் பிழிந்து, நிழலில் உலர்த்தி, சிறிது எண்ணெய் தடவிப் பொருத்துக. கடதாசி வடிகட்டியைக் கழுவலாகாது. மெல்லத் தட்டி, உட்புறமிருந்து வெளியே காற்றூதி, நைந்துபோனால் மாற்றிவிடுக. கண்டாவளை போன்ற ஊர்களில் அறுவடைக் காலத்தில் வாரம் ஒருமுறை இதனைத் திறந்து பார்ப்பது நன்று.

அன்று மாலை நாங்கள் மூவரும் சேர்ந்து பழைய பெட்டியைத் தேடினோம். அது கோழிக்கூட்டின் மேற் கிடந்தது. உள்ளிருந்த வடிகட்டியோ, ஆண்டுக்கணக்கிற் சேர்ந்த மண்ணால் அடைபட்டிருந்தது. வண்டிக்கு இழுவை குறைந்ததன் முதற் காரணம் அதுவே. புதிய வடிகட்டி ஒன்றை இட்டுப் பெட்டியைப் பூட்டி ஓட்டினோம். தயக்கமும் இல்லை, வெடிச் சத்தமும் இல்லை.

"உறுமல் போயிட்டுது, சேர்" என்றார் மாணவர், சற்றே ஏக்கத்துடன்.

"மீன் பெட்டிக்கு உறுமல் எதுக்கடா?" என்றார் தந்தையார்.