பின்சில்லை அளந்த பிறகே முன்சில்லு

புத்தூர் தாண்டி வல்லை வெளியில் ஒரு கார் காற்றுக்கு அலைகிறதென்று சாரதி முறையிட்டால், பல கராஜ்களில் முதலில் கை போவது முன் ரை ரொட்டுக்குத்தான். ஸ்ரியரிங் நேராகிவிடும், பற்றுச்சீட்டும் எழுதியாகிவிடும். பின் ரயர் ஒருபக்கம் தேய்வது மட்டும் நிற்பதில்லை.

இடப் பின்சில்லு 20 கலை உள்நோக்கியும் வலப் பின்சில்லு பூச்சியத்திலும் நின்றால், பின்சில்லுகள் தள்ளும் திசை நடுக்கோட்டிலிருந்து 10 கலை வலப்பக்கம் விலகும். முன்சில்லுகளை அந்தத் திசைக்கு இணங்க வைத்தால் ஸ்ரியரிங் நேராகும். வண்டியோ சரிந்தபடியே ஓடும். ஆகவே பின்சில்லை முதலில் அளக்கவேண்டும்.

அளந்தபின் செய்வது வண்டிக்கு வண்டி வேறுபடும். மொறிஸ் மைனரில் திருப்புவதற்கு எதுவுமில்லை. அக்சில் விலகியிருந்தால் ஸ்பிரிங் சென்டர் போல்ட், யூ போல்ட், புஷ் ஆகியவற்றைப் பாருங்கள். முன்சில்லால் ஓடும் விற்ஸ், அக்குவா ஆகியவற்றின் பின் அக்சிலில் கொம்பனி வைத்த சரிசெய்யும் இடம் கிடையாது. அளவு தவறினால் அக்சில் வளைந்திருக்கலாம், ஹப் பழுதாகியிருக்கலாம். சூடாக்கி நிமிர்த்துவது ஆபத்து. பழுதான பாகத்தை மாற்றுவதே முறை. நான்காம் தலைமுறை பிரியஸ் போன்ற தனிச் சஸ்பென்ஷன் வண்டிகளில்தான் பின்சில்லைத் திருப்பி வைக்க இடமுண்டு. போல்ட்டைத் தளர்த்துமுன் பழைய நிலையை அடையாளமிடுங்கள். றப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டியின் பாரம் சில்லுகளில் இறங்கிய பிறகே இறுக்குங்கள். தொங்கவிட்டு இறுக்கினால் புஷ் முறுகிக் கிழியும்.

நான்கு சில்லும் அளக்கும் இயந்திரம் இல்லாத கராஜுக்கு நூல் போதும். இருபுறமும் நடுக்கோட்டுக்கு இணையாக நூல் கட்டி, றிம்மின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் நூலுக்குள்ள தூரத்தை அளக்கலாம். 14 அங்குல றிம்மில் 1 மில்லிமீற்றர் வித்தியாசம் ஏறக்குறைய 9 கலை. முன்சில்லுகளுக்கு இடையிலான அகலமும் பின்சில்லுகளுக்கு இடையிலான அகலமும் பெரும்பாலும் ஒன்றல்ல என்பதை மறக்கவேண்டாம்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதற்கிடையில் பழைய கார்களே ஓடின. அவற்றின் புஷ்களும் கூடவே முதுமையடைந்தன. இனி எந்தப் பற்றுச்சீட்டிலும் பின்சில்லின் அளவை எழுதாமல் ‘அலைன்மென்ட்’ என்று போடாதீர்கள். அளக்காத வேலைக்குக் காசு வாங்குவது தொழிலுக்கு அழகல்ல.